மாரியில் ஊறி, கோடையில் உதிரும் சுவர்: பழைய வீட்டின் உள்பூச்சைத் திருத்துவது எப்படி?

திருகோணமலை நகருக்குள் இருக்கும் பழைய வீடுகளில் பூச்சு உதிர்வது பெரும்பாலும் மாரியில் இல்லை, வைகாசி ஆனியில்தான். மழை ஓய்ந்து மாதக்கணக்கான பிறகு, கச்சான் காற்று அனலாக அடிக்கிற நேரத்தில், சுவரின் அடிப்பக்கம் பெயின்ட் கொப்பளித்து, விரல் பட்டாலே மாவாகக் கொட்டும். "வெயிலுக்கு வெடிக்குது" என்று மேசனைக் கூப்பிட்டு, ஒன்றுக்கு மூன்று சீமெந்துச் சாந்து போட்டு இறுக்கிப் பூசி, மேலே நல்ல பெயின்டாக அடித்துவிடுவார்கள். அடுத்த வருசம் அதே சுவர் இன்னும் ஓர் அடி மேலே உதிரும்.

வெடிக்க வைப்பது வெயில் அல்ல, உப்பு. நிலத்து ஈரம் கல்லின் நுண்துளைகள் வழியே மேலே ஏறும்போது கரைந்த உப்பையும் தூக்கிக்கொண்டு வருகிறது. சுவரின் முகத்தில் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. உப்பு போக வழியில்லாமல் அங்கேயே பளிங்காகி வளர்ந்து பூச்சைத் தள்ளுகிறது. காய்கிற காலத்தில்தான் இந்த வேலை மும்முரமாக நடக்கும். சீமெந்தால் அந்த முகத்தை மூடிவிட்டால் ஈரம் வெளியேற இடம் தேடி இன்னும் மேலே ஏறும். இரண்டு பக்கமும் கடல் இருக்கிற ஊர் இது. உப்புவெளி என்று பக்கத்திலேயே ஒரு பெயரும் இருக்கிறது. ஆக, உப்பு வராமல் இருக்காது. வந்த உப்பை எப்படிக் கையாளுவது என்பதுதான் கேள்வி.

வேலையின் ஒழுங்கு இதுதான்: தண்ணீர் வரும் வழியை அடைப்பது, கெட்ட பூச்சை உரிப்பது, சுவரைக் காயவிடுவது, உப்பை எடுப்பது, அதற்குப் பிறகு பூசுவது. பூசும் வேலை இரண்டு மூன்று நாள்தான். மற்றதெல்லாம் காத்திருப்பு. மாசியில் உரித்து, ஆடி வரை காயவிட்டு, ஆவணியில் பூசி, புரட்டாசிக் கடைசியில் வெள்ளையடித்தால் ஐப்பசி மழைக்கு முன்னர் வேலை முடியும். தீபாவளிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது தொடங்குகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையால் பயனில்லை. அவர்கள் சும்மா வெள்ளையடித்துவிட்டு மாசி வரை பொறுப்பது நல்லது.

1. எந்தத் தண்ணீர் என்று கண்டுபிடியுங்கள்

சுவரில் கறை எங்கே நிற்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லும்.

நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுவர் நெடுக ஏறத்தாழ ஒரே மட்டத்தில், அநேகமாக 3 அல்லது 4 அடிக்குள், அலை அலையான கோடாக நிற்கும். அந்தக் கோட்டை யன்னல் வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள்: பஞ்சு முளைத்ததுபோல வெள்ளை மயிர்கள் நிற்கும். அதில் ஒரு சிட்டிகை சுரண்டி ஒரு கரண்டி தண்ணீரில் போட்டால், உப்பாக இருந்தால் கரைந்துவிடும். சுண்ணாம்புத் தூள் என்றால் அடியில் தங்கும். கறுப்பு, பச்சைப் புள்ளியாக இருந்து பிளீச் பட்டதும் நிறம் வெளுத்தால் அது பூஞ்சணம். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கலாம்.

கறை மேலிருந்து கீழே வடிந்திருந்தால் ஓடு, பீலி, அல்லது மதிலோடு சேரும் கூரை விளிம்பைப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் கறுத்து, நாலு நாளில் வெளுத்தால் சந்தேகமே வேண்டாம். யன்னலின் கீழ் மூலையில் மட்டும் ஊறினால் யன்னல் அடிக்கட்டையில் தண்ணீர் தேங்குகிறது.

மழைக்கும் வெயிலுக்கும் மாறாமல் ஒரே இடத்தில் வட்டமாக ஊறினால் குழாய்க் கசிவு. இரவு படுக்கும்போது எல்லாக் குழாயையும் பூட்டி, கூரைத் தாங்கிக்குத் தண்ணீர் ஏறும் வால்வையும் பூட்டி, மீற்றர் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இலக்கம் மாறியிருந்தால் மீற்றருக்கும் வால்வுக்கும் இடையில் எங்கோ ஒழுகுகிறது. தாங்கியிலிருந்து இறங்கும் குழாயைச் சோதிக்க, தாங்கிக்குள் தண்ணீர் மட்டத்தை ஒரு கோடு போட்டு அதேபோல ஓர் இரவு விடுங்கள். இரண்டும் சரி, ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை என்றால், தரையும் சுவரும் சேரும் மூலையும் கழிவுக் குழாயும்தான் அடுத்த சந்தேகம்.

ஏசி போட்ட அறையில் இன்னொரு சோதனை தேவை. ஓர் அடிச் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் ஒட்டி, 48 மணிநேரம் விடுங்கள். தாளின் வெளிமுகத்தில் துளி படிந்தால் அறைக் காற்றின் ஈரம். உள்முகத்தில் படிந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

சுவர் வயிறு தள்ளி நின்றாலோ, விரல் நுழையும் அளவு வெடிப்பு இருந்தாலோ இது பூச்சு வேலை அல்ல. பொறியியலாளர் ஒருவர் பார்க்கட்டும்.

2. வெளியே உள்ள வேலை

உள்ளே கை வைக்குமுன் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடவுங்கள். பழைய வீடுகளில் மிகச் சாதாரணமாக இருக்கும் பிழை, வளவு மட்டம் உயர்ந்திருப்பது. வீதியை உயர்த்தினார்கள், அதற்கு ஏற்ப முற்றத்துக்கு மண் கொட்டினோம், பிறகு அதற்கு மேலே கொங்கிறீட்டும் போட்டோம். கடைசியில் வீட்டு நிலமும் முற்றமும் ஒரே மட்டம். சுவரை ஒட்டி வெளிமட்டம் உள்நிலத்தை விட 6 அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். முழு முற்றத்தையும் வெட்ட முடியாவிட்டால், சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கு வெட்டி இறக்கி, தண்ணீர் ஓடும் சரிவு வைத்து, சல்லிக்கல் போடுங்கள். வெட்டும்போது அத்திவாரத்தின் அடிக்குக் கீழே போக வேண்டாம். பக்கத்துப் பூங்கன்று, துணி துவைக்கும் கல், ஒழுகும் வளவுக் குழாய் எல்லாம் இடம் மாற வேண்டும்.

பீலி இல்லாத தாழ்வாரத்தில் விழும் மழை, கொங்கிறீட்டில் தெறித்துச் சுவரின் அடியை ஒவ்வொரு நாளும் நனைக்கும். அது நிலத்து ஈரம் போலவே தோற்றம் காட்டும். பீலி போட்டால் அந்த மாரியிலேயே வித்தியாசம் தெரியும். ஏற்கெனவே பீலி இருந்தால் புரட்டாசியில் இலை அள்ளுங்கள்.

வெளிச்சுவரின் அடியில் சீமெந்துப் பூச்சோ தாரோ இருந்தால், அதுவும் ஈரத்தை உள்பக்கம் திருப்பிவிடுகிற ஒரு மூடிதான். தட்டினால் பொள்ளென்று கேட்கும் இடங்களை எடுத்துவிடுங்கள்.

சுவரில் துளையிட்டு ஈரத்தடை மருந்து செலுத்தும் முறையும் உண்டு. நேர்வரிசையாகக் கட்டிய செங்கல் சுவரில், அனுபவமுள்ளவர் செய்தால் பலன் தரும். முருகைக்கல்லும் உடைகல்லும் கலந்து கட்டிய தடித்த சுவரில் மருந்து எங்கே போகிறதென்றே தெரியாது. எதுவானாலும் அது இனி வரும் தண்ணீரைத்தான் மறிக்கும். ஏற்கெனவே பூச்சில் ஊறியிருக்கும் உப்பை அது அசைக்காது.

3. உரித்தல்

தேவையானவை: 2 இறாத்தல் சுத்தியல், அகல உளி, கம்பித் தூரிகை, சாதாரணத் தும்புத் தூரிகை, தடித்த பொலித்தீன், கையுறை, கண்ணாடி, முகமூடி. அந்தச் சுவரில் பிளக் பொயின்ட் இருந்தால் மெயின் சுவிட்ச்சைப் பூட்டிவிட்டு, மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு இணைப்பைக் கழற்றுவித்து வையுங்கள். ஈரச் சுவரில் மின்சாரத்தோடு விளையாட்டு இல்லை.

கறைக் கோட்டின் அதி உயர்ந்த இடத்திலிருந்து ஓர் அடி மேலே நேர்கோடு போடுங்கள். கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் அந்த ஓர் அடிக்குள்ளும் உப்பு இருக்கும். பிறகு உளியின் பிடியால் கோட்டுக்கு மேலேயும் தட்டிக்கொண்டு போங்கள். "டக்" என்றால் பிடிப்பு இருக்கிறது. "டொப்" என்றால் பூச்சு கல்லை விட்டுவிட்டது, கோட்டை இன்னும் உயர்த்துங்கள்.

கோட்டில் உளியால் நேராக வெட்டி, அங்கிருந்து கீழ்நோக்கி உரியுங்கள். கல் தெரிந்ததும் கல்லிடைச் சாந்தை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தில் நைந்து, சீனி போலக் கொட்டும். புதுப் பூச்சு பிடித்து நிற்பது இந்தக் குழிகளில்தான். அவசரத்தில் விட்டுவிட வேண்டிய இடம் இது அல்ல.

பழைய பெயின்டை உலர் அரத்தாளால் தேய்க்க வேண்டாம், ஈயத் தூள் பறக்கும். பூச்சோடு சேர்த்தே உரித்து எடுங்கள். சுவரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம்; உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் துடைத்துக் கொட்டுங்கள். உரித்த கழிவு முழுவதும் உப்பு. அதை அன்றன்றே பொலித்தீனோடு சுருட்டி வெளியேற்றுங்கள், முற்றத்துப் பள்ளம் நிரப்பப் பயன்படுத்தாதீர்கள்.

கதவு நிலையின் அடியையும் இப்போதே குத்திப் பாருங்கள். ஈரம் இருந்த இடத்துக்குக் கறையான் வந்திருக்கும்.

4. காயவிடுதலும் உப்பு எடுத்தலும்

சுவரின் தடிப்பில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. 9 அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதமா என்று பயப்பட வேண்டாம்: இரண்டு முகமும் திறந்திருந்து, யன்னல் திறந்து கச்சான் காற்று உள்ளே ஓடினால் அதில் பாதியளவு காலத்தில் நல்ல நிலைக்கு வரும். விறகோ ஹீற்றரோ வைத்து வேகமாகக் காய வைத்தால் முகம் மட்டும் காயும், உள்ளே அப்படியே இருக்கும்.

இந்தக் காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை சுவரில் பூக்கும் வெள்ளையைத் தூரிகையால் தட்டி, கீழே விரித்த தாளில் பிடித்து எறியுங்கள். ஒவ்வொரு தட்டலும் சுவரிலிருந்து நிரந்தரமாகப் போகிற உப்பு.

உப்பு அதிகமான சுவருக்கு, குறிப்பாகக் கடலை ஒட்டிய வீடுகளில், ஒத்தடம் போல ஒரு வேலை செய்யலாம். பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்து நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, கையால் பிசைந்து கூழாக்குங்கள். நீரைப் பிழிந்துவிட்டு அரை அங்குலத் தடிப்புக்குச் சுவரில் அப்பி அழுத்துங்கள். கூழின் ஈரம் சுவருக்குள் போய் உப்பைக் கரைக்கும். கூழ் காயும்போது அந்த உப்பும் கூழுக்குள் இழுபடும். இரண்டு மூன்று கிழமையில் அது மொறமொறவென்று தகடாகக் கழன்று வரும். ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் இரண்டு கரண்டியைக் கறுப்புத் தட்டில் ஊற்றி வெயிலில் காய வையுங்கள். தட்டில் படியும் வெள்ளை எவ்வளவு என்று பாருங்கள். இரண்டாம், மூன்றாம் தடவைகளில் அது குறைந்துகொண்டு போனால் சரியான வழியில் இருக்கிறீர்கள். குழாய்த் தண்ணீர் அல்லது மழைத் தண்ணீரையே பாவியுங்கள். கடற்கரையோரக் கிணறுகளின் உவர்த் தண்ணீரில் கூழ் கரைத்தால் உப்பை எடுக்கவில்லை, ஏற்றுகிறீர்கள்.

உப்பை இவ்வளவு துரத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 வீதத்துக்கு மேலே போனால் கறியுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியும். குசினியில் உப்புப் போத்தல் கசிகிற நாளில் உப்பேறிய சுவரும் கசியும். கூரையும் குழாயும் சரியான பிறகும் "இன்னும் ஒழுகுது" என்று பலர் தவிப்பது இதனால்தான்.

5. சாந்து

பூச்சு கல்லை விட மென்மையானதாக இருக்க வேண்டும். சுண்ணாம்பில் கட்டிய பழைய செங்கல் சுவருக்கு 1 பங்கு சீமெந்து, 2 பங்கு சுண்ணாம்பு, 9 பங்கு மணல். பிற்காலத்துச் சீமெந்துக் கல் சுவர் என்றால் 1:1:6. தனிச் சுண்ணாம்புச் சாந்து, 1 பங்குக்கு 3 மணல், முருகைக்கல் சுவருக்கு இதைவிடப் பொருத்தம். ஆனால் ஒவ்வொரு படையும் இறுகக் கிழமைக் கணக்காகும், முதல் தடவை செய்கிறவருக்குப் பொறுமை சோதிக்கும் வேலை.

12 அடி நீளம், 4 அடி உயரம் உரித்த சுவருக்கு, 20 மில்லிமீற்றர் தடிப்பு, குழிகளும் சேதாரமும் சேர்த்து, 1:2:9 கணக்கில்:

- மணல்: 10 லீற்றர் வாளியால் 10 வாளி (சீமெந்துப் பையால் சுமார் 3 பை)
- சுண்ணாம்பு: 2 வாளியும் கொஞ்சமும், ஏறத்தாழ 12 கிலோ
- சீமெந்து: 1 வாளிக்குச் சற்று மேலே, 16 கிலோ, 50 கிலோப் பையில் மூன்றில் ஒன்று

மணலில் கோட்டை விட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண். கடல் மணல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஆற்று மணல் என்று சொல்லித் தந்ததையும் சோதியுங்கள்: கையில் அள்ளிப் பார்த்தால் சிப்பித் துண்டு மினுங்குகிறதா? ஒரு கோப்பை மணலை ஒரு கோப்பை குழாய்த் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீரையும் வெறும் குழாய்த் தண்ணீரையும் இரண்டு கறுப்புத் தட்டில் அருகருகே காய வையுங்கள். முதல் தட்டில் வெள்ளை கூடினால் அந்த லொறியைத் திருப்பி அனுப்பலாம்.

பொடிச் சுண்ணாம்பை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்துக் களியாக்குங்கள். நீறாத சுட்ட சுண்ணாம்புக் கல்லை வீட்டில் நீற்ற முயல வேண்டாம், தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். நீறிய சுண்ணாம்பும் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து. கண்ணாடி போடுங்கள். தப்பித் தவறிப் பட்டால் நல்ல தண்ணீரால் இருபது நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மணலையும் சுண்ணாம்பையும் முதலில் குழைத்து வைத்து, சீமெந்தை ஒரு மணிநேரத்துக்குள் பூசி முடிக்கும் அளவு சாந்துக்கு மட்டும் சேருங்கள். இறுகத் தொடங்கிய சாந்தில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் அது பிறகு சரியாக இறுகாது.

6. பூசுதல்

சுவரில் குழாய்த் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். இவ்வளவு நாள் காயவிட்டது எதற்கு என்று கேட்கலாம். காய்ந்த செங்கல் சாந்தின் நீரை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். முகம் மட்டும் நனைந்தால் போதும், வடியக் கூடாது.

முதலில் கல்லிடைக் குழிகளைச் சாந்தால் நிரப்பி ஒரு நாள் விடுங்கள். அடுத்த நாள் முதல் படை, 10 முதல் 12 மில்லிமீற்றர். சாந்தகப்பையால் எறிந்து, அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்திப் பரப்புங்கள். இறுகத் தொடங்கியதும் ஆணி அடித்த பலகையால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள். ஆவணி வெயிலில் இது மளமளவென்று காய்ந்து வெடிக்கும். யன்னலுக்கு ஈரச் சாக்கு கட்டி, மின்விசிறியை நிறுத்தி, மூன்று நாள் காலை மாலை நீர் தெளியுங்கள். ஒரு கிழமை கழித்து இரண்டாம் படை, 6 முதல் 8 மில்லிமீற்றர். பழைய பூச்சோடு சேரும் ஓரத்தை நனைத்து, இணைப்பின் மேல் நார்வலைப் பட்டியைப் பதித்துப் பூசினால் அந்தக் கோட்டில் வெடிப்பு வராது.

மரப்பலகையால் தேய்த்து முடியுங்கள். இரும்புக் கரண்டியால் கண்ணாடி போல மினுக்கிவிட மேசனுக்குக் கை துருதுருக்கும். மினுங்கும் முகம் மூடிய முகம், ஆகவே முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சீமெந்துப் பால் தடவுவதும் வேண்டாம்.

பூச்சின் அடி நிலத்தைத் தொடக் கூடாது. ஓர் அங்குலக் கட்டையை நிலத்தில் வைத்து அதற்கு மேலே பூசி, பிறகு கட்டையை எடுத்துவிடுங்கள். நிலத்தின் ஈரம் பூச்சுக்குள் ஏறுவதை அந்த இடைவெளி மறிக்கும்; மரச் சட்டம் அடித்து மறைக்கலாம்.

7. வெள்ளையடித்தல்

நாலு கிழமையாவது விடுங்கள். புதுப் பூச்சின் காரம் பெயின்டைத் தின்றுவிடும். உள்ளே வோல் புட்டி, எனாமல், நீர்புகாப் பெயின்ட் எதுவும் வேண்டாம். டைல்ஸும் வேண்டாம், அது இந்தச் சுவர்களில் அடிக்கடி நடக்கும், அதிகச் செலவான பிழை: நாலு அடிக்கு டைல்ஸ் ஒட்டியவர்கள் ஐந்தாம் அடியில் உப்பைப் பார்க்கிறார்கள்.

சுண்ணாம்பு அடிப்பதே இந்தச் சுவருக்கு நல்லது. 1 கிலோ சுண்ணாம்புக்கு 4 லீற்றர் தண்ணீர், மெல்லிய துணியில் வடித்து, பால் போல. சுவரை லேசாக நனைத்து, நாளுக்கு ஒன்றாக மூன்று நாலு தடவை மெல்லியதாக அடியுங்கள். முதல் தடவை ஒன்றும் தெரியாது, காய்ந்த பிறகுதான் வெள்ளை ஏறும். தடித்து அடித்தால் பொருக்குவிடும். கொஞ்சம் நீலம் சேர்க்கலாம். பிடிப்புக்காக ஒரு கைப்பிடி உப்புப் போடச் சொல்வார்கள். இந்தச் சுவருக்கு அது மட்டும் வேண்டாம். சுண்ணாம்பு உடுப்பில் ஒட்டுகிறது என்று நினைப்பவர்கள், சுவர் முற்றாகக் காய்ந்த பிறகு, மினுக்கமில்லாத சாதாரண எமல்ஷன் அடிக்கலாம்.

அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். முதல் மாரி முடிந்து கோடை வரும்போது அங்கங்கே லேசாக வெள்ளை பூக்கும்; அது கடைசி மிச்சம், உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள், ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். இரண்டாம் கோடையிலும் அதே அளவு பூத்தால் உள்ளே தேடாதீர்கள், திரும்பவும் வெளியே போய் முற்ற மட்டத்தையும் பீலியையும் பாருங்கள்.